காணாமல் சொன்ன அடையாளம்

அம்பிட்டிய மேட்டில் இன்று கோப்பிச் செடிகளுக்குக் கந்தகம் தூவுகிறார்கள். இலைநோய்க்கு மருந்தாம். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று எழுந்தே விட்டேன். டிஸ்பென்சரியில் நாளெல்லாம் சிரங்குக் களிம்பு கலக்கிவிட்டு இதே நாற்றத்தோடுதானே வருவீர்கள்.

மஹய்யாவ வீட்டில் ஒருநாள், குளிக்கவும் மறந்து, டாக்டர் துரை தூக்கிப்போட்ட ஆங்கிலப் பத்திரிகையை எனக்கு வாசித்துச் சொன்னீர்கள். ருஷ்ய தேசத்துப் பேராசிரியர் ஒருவர் இரும்பு, கந்தகம் போன்ற மூலகங்களை எடைப்படி வரிசையாக நிறுத்தினாராம். ஒரே குணம் திரும்பத் திரும்ப வந்ததாம். ஒத்த குணமுள்ளவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்தாராம். குணம் பொருந்தாத இடத்தைக் காலியாகவே விட்டாராம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நம்ம தோட்டத்துப் பெரட்டு மாதிரிதான் புள்ள. காலையில கங்காணி வரிசையா நிக்க வைப்பாரு. ஒருத்தன் வரலைன்னா அவன் எடத்த விட்டுட்டுத்தான் அடுத்தவன் நிப்பான்."

வராத மூலகத்தின் குணங்களையும் அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தாராம். பிரான்சில் ஒருவர் அதைக் கண்டுபிடித்தபோது அடர்த்தி மட்டும் ஒத்துவரவில்லை. "மறுபடி அளந்து பாரும்" என்றாராம் ருஷ்யர். அளந்தால் அவர் சொன்னதே சரி.

"பொண்ணையே பாக்காம அடையாளம் சொல்ற தரகர் போல" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. என் வயிற்றைப் பார்த்து, "நானும் சொல்றேன் கேளு. பொண்ணுதான். காது என்னுது, வாயி ஒன்னுது" என்றீர்கள்.

அடுத்த மாதமே மாத்தளை வழியில், தோட்டங்களுக்கு நடந்துவந்த சனங்களிடையே வாந்திபேதி. மருந்துப்பெட்டியோடு போனீர்கள். உங்களையும் அங்கேயே சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை.

பெண்தான் பிறந்தாள். அதே விடைத்த காது. வாய், ஊரே சொல்கிறது, என்னுடையது. ருஷ்யருக்கு, தான் சொன்னது பலித்த சேதி போய்ச் சேர்ந்தது. உங்களுக்கு யார் மூலம் சொல்லி அனுப்புவேன்?

நேற்று, "எங்கப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள். உங்கள் நடை, சிரிப்பு, காது எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப சரி. வந்தா நானே கண்டுபிடிச்சிருவேன்" என்றாள்.

இன்று கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்குப் போகும் வழியெல்லாம், எதிரே வருகிற ஆண்களின் காதுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.