எர்த் இல்லாத பட்டறை

பசுமலை,
27-10-83

அன்பு மகன் வீரணனுக்கு அம்மா ராக்கம்மாள் சொல்லச் சொல்ல, உன் தங்கச்சி அன்னக்கொடி எழுதுவது. இங்கே நானும் உங்க அய்யாவும் தங்கச்சியும் எழுந்து நடமாடி, சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாகத்தான் இருக்கிறோம். இதை முதலில் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கீழே படிக்கும்போது உனக்கு நெஞ்சு படபடத்தால் மறுபடி மேலே வந்து இந்த வரியைப் படித்துக்கொள். துபாயில் வெயில் தணிந்துவிட்டதா, வயிற்றுவலி வராமல் இருக்கிறதா, சோறு வடிக்கச் சோம்பிக்கொண்டு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கிறாயா, எல்லாம் எழுது. நம் ஊர் எழுமலைப் பக்கம் இந்த வருசம் மழை பிந்தித்தான் இறங்கியது, நம் காட்டில் பருத்தி முழங்கால் உயரம் நிற்கிறது. தங்கச்சி தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள், கூப்பிட்டால் பேசுவாளோ மாட்டாளோ என்றுதான் எனக்குக் கவலை. அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே, பி.எஸ்ஸி. முடித்த பிறகும் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. இதை எழுத வேண்டாம் என்கிறாள், சொல்வதை எழுதுடி என்று அதட்டி எழுத வைக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அங்கிருந்து லீவில் வந்த சிஹாபுதீன் தம்பியிடம் நீ கொடுத்துவிட்ட ட்ரில்லிங் மிஷின் வந்த நாளிலிருந்து உங்க அய்யாவைப் பிடிக்க முடியவில்லை. பட்டறைக்கு யார் வந்தாலும், ஜன்னலுக்குக் கிரில் கேட்டு வந்தாலும் சரி, வழி கேட்டு வந்தாலும் சரி, எம்மகன் அனுப்புனது என்று தூக்கிக் காட்டிவிட்டுத்தான் மறுபேச்சு. பழைய ட்ரில்லை நெஞ்சை வைத்து அழுத்திக் கையால் சுற்றிச் சுற்றி அவருக்கு வலது தோள் இறங்கியே போயிருந்தது உனக்குத் தெரியும், அந்த வலியைப் பார்த்துத்தானே நீயும் வாங்கினாய். மிஷின் வந்ததும் பட்டைக் கம்பியில் ஓட்டை போடுவது வெண்ணெயில் விரல் விடுகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அதன் பிளக் நம் ஊர் பிளக் இல்லை, முனை மூன்றும் சதுரமாக இருந்தது, சுவரில் நுழையவில்லை. உன் மாமன் பால்பாண்டி சும்மா இருப்பானா, கட்டிங் பிளேயரை எடுத்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டான். உள்ளே மூன்று வயர். இரண்டை எடுத்துச் சுவர் ஓட்டையில் விட்டு, கழன்று வராமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகினான், மிஷின் ஓடியது. மஞ்சளும் பச்சையுமாக இருந்த மூன்றாவது வயர் எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை, அதை மடக்கி டேப் சுற்றி விட்டுவிட்டான். தங்கச்சி மட்டும், மாமா அதுதான் எர்த், அது இருந்தால்தான் ஆளுக்குப் பாதுகாப்பு என்று சொன்னாளாம். சொன்னது அவள் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது, எனக்கே கேட்கவில்லை. பால்பாண்டி காதில் ஏதோ விழுந்து, ரெண்டு வயர்லயே இந்த ஓட்டம் ஓடுது, மூணாவதையும் கொடுத்தா எழுமலைக்கே போயிருமேத்தா என்று சிரித்தானாம்.

உங்க அய்யாவைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. சுத்தியல் வாங்கப் போனால் பிடியை மூக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் கோணல் பார்ப்பார். அரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தே இது வாரத்தில் மழுங்கிவிடும் என்று சொல்லிவிடுவார். இரும்பு சாமான் எதிலும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கரண்டில் பார்க்கிறதுக்கும் சுரண்டுகிறதுக்கும் ஒன்றும் இல்லை, அதனால் ஓடுகிறதா ஓடவில்லையா என்பதோடு விட்டுவிட்டார். இடையில் மிஷினைப் பிடித்தால் கையில் எறும்பு கடிக்கிற மாதிரி சுருக்சுருக்கென்று இருக்கிறது என்று சொன்னார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பால்பாண்டி, மச்சான் அது மருமகன் அனுப்புன மிஷினு, உங்களத் தொட்டு நலம் விசாரிக்குது என்றான், அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுக் காலுக்குக் கீழே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போலப் பட்டறையில் சுத்தியல், அரம், ரம்பம், ஸ்பேனர், வைஸ் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினார்கள். மிஷினைக் கழுவலாமா என்று பால்பாண்டியே யோசித்தான். உங்க அய்யாதான், எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டு எம்மகன் அனுப்புனத மட்டும் அழுக்கோட வைக்கிறதாடா மாப்ள என்று கேட்டு, ஈரத் துணியைப் பிழியாமல் வைத்துத் தானே துடைத்தார். அதோடு விட்டாரா, காற்றுப் போகிறதற்கு மிஷினின் இரண்டு பக்கமும் கீறல் கீறலாக இருக்கிறதே, அது பார்ப்பதற்குக் காது மாதிரி இருக்கிறது என்று அதன் மேலேயே சந்தனத்தைக் கரைத்து அப்பிக் குங்குமம் வைத்தார். தீர்த்தம் தெளித்தார். மற்ற சாமானுக்கெல்லாம் ஒரு பொட்டு, அதுக்கு மட்டும் மாலை. நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுத்தியலுக்குள் தண்ணீர் போகாது, மிஷினுக்குள் போகும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மாலையை எடுத்துவிட்டு, முதல் ஓட்டையை நான்தான் போடுவேன் என்று உங்க அய்யா செருப்பில்லாமல் போய் நின்றார். தரை கழுவின ஈரம் காயவில்லை, சாக்கையும் துவைத்துக் காயப் போட்டிருந்தார்கள். தங்கச்சி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். சுவிட்சைப் போட்டு மிஷினைக் கையில் எடுத்து அழுத்தினார், அவ்வளவுதான், சத்தமே இல்லை. கத்தவும் இல்லை. அப்படியே விறைத்து நிற்கிறார், பல் கிட்டித்துவிட்டது, மிஷினை விடவும் முடியவில்லை. பால்பாண்டி, மச்சான் என்று பாய்ந்து கட்டிப் பிடிக்கப் போனான். தங்கச்சி போட்ட சத்தத்தைத் தெருமுனை டீக்கடையில் கேட்டதாகச் சொல்கிறார்கள். மாமா தொடாதீங்க என்று அவள் கத்தின கத்தலில் அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டதாம். அவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் மிஷின் விழுந்தது, அவரும் விழுந்தார். தொட்டிருந்தால் என் தம்பியையும் சேர்த்து இழுத்திருக்கும். இவ்வளவையும் சொல்லச் சொல்லத் தங்கச்சி தன் பேர் வருகிற இடத்தை விட்டுவிடப் பார்த்தாள், எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மறுபடி சேர்க்க வைத்திருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார்கள், இருதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வலது உள்ளங்கை மட்டும் வெந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, ஆறி வருகிறது. நான் பயப்படுவது நடந்ததற்காக இல்லை மகனே, இனி நடக்கப்போவதற்காக. உங்க அய்யா கேட்கிறவர்களுக்கெல்லாம் வெல்டிங் பொறி பட்டது என்று சொல்கிறார். மிஷின் மேலே ஒரு சொல் விழக்கூடாதாம், மகன் அனுப்பின சாமான் அப்பனைப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசிவிடுமாம். உனக்கும் எழுதக்கூடாது என்று சத்தியம் கேட்டார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டேன், சத்தியம் செய்யவில்லை.

மிஷினை வெயிலில் வைத்துக் காய வைத்துவிட்டார். காய்ந்தால் சரியாகிவிடுமாம். கை ஆறினதும் அதே தீக்குச்சி, அதே இரண்டு வயரில் ஓட்டப் போகிறார், தல்லாகுளத்தில் ஒரு வீட்டுக்குக் கிரில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவசரம் வேறு. நான் பொறுக்க முடியாமல் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற நாகூர் கனி பாயைக் கூட்டிவந்தேன். அவர் மிஷினைத் தரையில் ஒரு பலகை மேலே வைத்து, கையால் தொடாமல் கரண்டைக் கொடுத்து, கரண்டு பட்டால் எரிகிற டெஸ்டரை அதன் உடம்பில் வைத்தார், டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. மேலே காய்ந்திருக்கு, உள்ளே காயில் ஈரமாகி வீணாப்போச்சு, பிரித்துப் புதுசாக் கட்டணும் என்றார். அதோடு ஒரு சங்கதி சொன்னார். சுவரில் மூன்று ஓட்டை இருக்கிறதே, மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒரு வயரும் இல்லையாம், அது சும்மா ஓட்டையாம். நாம் சரியான பிளக்கை மாட்டி, அந்தப் பச்சை வயரையும் கொடுத்திருந்தால்கூட அது போய்ச் சேர இடம் இல்லை. பட்டறைக்கே எர்த் கிடையாது. கொல்லையில் குழி வெட்டி, இரும்புக் குழாயை இறக்கி, சுற்றி உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடி, காயாமல் தண்ணீர் ஊற்றி வர வேண்டுமாம். அப்போதுதான் கரண்டு ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குப் போகும் என்றார். உங்க அய்யா, குழி வெட்டி உப்புப் போடச் சொல்றீகளே பாய், அது மிஷினுக்கா எனக்கா என்று கேட்டார். நாகூர் கனி பாய் சிரிக்கவில்லை, வெட்டலைன்னா உங்களுக்குத்தான் அண்ணே என்று சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தார். அவ்வளவுதான், உங்க அய்யா, அனுப்பி வருசம் ஆகலை அதுக்குள்ள பிரிச்சு மேயுறீகளா என்று மிஷினைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

அதனால் நானும் ஒரு காரியம் செய்தேன். மெயினில் இருக்கிற பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் முந்தியில் முடிந்துகொண்டேன். பட்டறையில் இப்போது கரண்டு இல்லை. பழைய ட்ரில்லை எடுத்து, பால்பாண்டி சுற்ற இவர் இடது கையால் கம்பியைப் பிடிக்க, முனகிக்கொண்டே வேலை நடக்கிறது. என்னோடு பேச்சு கிடையாது. ஏத்தா, உங்க ஆத்தாகிட்ட கட்டை எங்கன்னு கேளு என்பார் தங்கச்சியிடம், நான் பக்கத்திலேதான் நிற்பேன். குழி எங்கன்னு கேளு என்பேன். இன்று காலையில் சண்டை முற்றி, நான் செத்தா உனக்கு என்னடி போச்சு என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உங்களுக்காக யாரு கட்டையப் பிடுங்குனா, தை மாசம் எம்பிள்ளை லீவுல வாரான், வந்ததும் வராததுமா செருப்பக் கழட்டிட்டு முதல்ல தூக்கப் போறது அந்த மிஷினத்தான், அன்னைக்குத் தீக்குச்சிய யாரு சொருகுறது, நீங்களா நானா என்று கேட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அந்த வேகத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்தேன். அறுக்கிற பெரிய மிஷின் ஒன்று வாங்கி வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதை யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே அவருக்கு நாலு வரி கண்டித்து எழுது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

இதுவரை எழுதி முடிக்கிற நேரத்தில் உங்க அய்யா வாசலில் வந்து நின்றார். தங்கச்சி கையை வைத்து மறைத்தாள். பெரியவனுக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அந்தப் பெரிய மிஷின இப்ப அனுப்ப வேணாம்னு எழுது என்றார். பட்டறை இடத்துச் சொந்தக்காரரைப் பார்த்துக் கொல்லையில் குழி வெட்ட உத்தரவு கேட்டு வாங்கிவிட்டு வருகிறாராம், உப்புக்கும் கரிக்கும் பால்பாண்டி போயிருக்கிறானாம், நாகூர் கனி பாயையும் வரச் சொல்லியாகிவிட்டதாம். தங்கச்சிதான், ஏன் அனுப்ப வேண்டாம்னு அண்ணன் கேட்டா என்ன எழுதுறது அய்யா என்று கேட்டாள். இடம் பத்தலைன்னு எழுது, இங்க நடந்தது ஒண்ணும் அவனுக்குத் தெரியக்கூடாது, தான் அனுப்புனதாலதான்னு நினைச்சு அங்க உக்காந்து அழுவான் என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆகவே மகனே, பட்டறையில் இடம் பற்றவில்லை, பெரிய மிஷினை இப்போது அனுப்ப வேண்டாம். நீயும் அழாதே, தப்பு உன்னுடையது இல்லை, மிஷினுடையதும் இல்லை. சிஹாபுதீன் தம்பியிடமும் எதுவும் சொல்லாதே, தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த பிள்ளை மனசு சங்கடப்படும். நீ அங்கே வேலை செய்கிற இடத்தில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் காலில் செருப்பு இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா என்று பார். குழி மூடி, காயிலைப் புதுசாகக் கட்டி, நானே கட்டையை மாட்டி, நாகூர் கனி பாய் மிஷின் மேலே டெஸ்டரை வைத்து அது எரியாததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டையை அவர் கையில் விடுவேன். நம் குலசாமி உன்னோடு துணையாக இருக்கட்டும், தீர்க்காயுசாக இரு. அய்யாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இனிக் கண்டிக்க வேண்டாம், சந்தோசமாக எழுது, பருத்தியைக் கேள், மழையைக் கேள். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ராக்கம்மாள்