பால் கட்டி என்று நினைத்தேன்

முருகன் துணை

ரயில்வே குவாட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
12-9-1934

செல்வ மகள் புஷ்பவல்லிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் நலம் என்று வழக்கம்போல எழுதச் சொல்ல இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று மாப்பிள்ளை திகைக்க வேண்டாம். இதுவரை எழுதிக் கொடுத்தவர் ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டு இக்னேஷியஸ் கிராணி. இன்று எழுதுவது அவர் பெண்சாதி லூசி. நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நாசூக்கு பார்க்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டுத்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு இந்த மாதம் பகல் வேலை. தம்பி விஜயனுக்கு இருமல் நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. கறிவேப்பிலைக் கன்றை மறுபடியும் எதிர்வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது. கேட்டால் ஆட்டுக்காரி என்னிடமே சண்டைக்கு வருகிறாள். முன்னைப்போல இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் தங்கமணி போன வாரம் கோயிலுக்கு வந்தவள் இங்கேயும் தலையைக் காட்டினாள். பேரனுக்குப் பால் மறக்கடித்து ஐந்து மாதம் ஆகியும் உன் மார்பில் ஒரு கட்டி கரையவில்லையாம். வலி இல்லாததால் நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அதற்கு அம்மாவிடம் ஏதாவது கைமருந்து கேட்டு வா என்றாயாம். அவள் போன பிறகு அடுப்பில் சோறு தீய்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. விஜயனுக்குப் பால் மறக்கடித்த சமயம், இரண்டு வருஷம் இருக்கும். இடது மார்பில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. பால் கட்டி என்று நினைத்தேன். பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன், ஒத்தடம் கொடுத்தேன். வலிக்கவே இல்லை. பாழாய்ப்போனது வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் உனக்காவது சொல்லலாம் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். எதிரே இக்னேஷியஸ் பேனாவும் கையுமாக இருக்கிறார். அந்நிய ஆண்பிள்ளை. அங்கே வாசித்துக் காட்டப் போகிறவர் மாப்பிள்ளை, பக்கத்தில் உன் மாமியார். எனக்கு நாக்கு எழவில்லை. உடம்பு கொஞ்சம் அசதி என்றேன், அவரும் அப்படியே எழுதினார். நீ பாவம், சுக்குப் பொடி இடித்து அனுப்பினாய்.

அதற்குள் கட்டி எலுமிச்சங்காய் அளவாகி, தோல் சுருங்கி, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. ஆடி மாதம் புண்ணாகி நீர் வடிந்த பிறகுதான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தார், நர்ஸ் மகதலேனா தமிழில் எடுத்துச் சொன்னாள். இது புற்று. அக்குளுக்கும் போய்விட்டது. இனி அறுத்தும் பிரயோசனமில்லை. சின்னதாக இருக்கும்போதே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் படுவது? விஜயனுக்கு நாலு வயதுதான் ஆகிறது, புஷ்பம்.

உன்னுடையது வெறும் பால் கட்டியாகவே இருக்கலாம். நேற்றுப் புண்ணுக்குக் கட்டுப்போடப் போனபோது உன்னைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் தொட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, உடனே அழைத்து வா என்றார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஆண்பிள்ளை, அவரிடம் நீ காட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவள்தானே. இங்கே பார்ப்பது பொம்பளை. கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்ப்பார்.

மாப்பிள்ளை, இதை நீங்கள்தான் வாசிக்கிறீர்கள். மாமியார் இப்படியெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளுங்கள். ஒரு வரியையும் விழுங்காதீர்கள். உங்கள் அம்மா காதிலும் விழட்டும். என் வெட்கம் என்னோடு போகட்டும். அதை என் மகள் தலையில் கட்டிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். லூசி அழுகிறாள், இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன்.

புஷ்பம், திங்கட்கிழமை கிள்ளானிலிருந்து காலை வண்டியில் ஏறிவிடு. இங்கே ஸ்டேஷனில் லூசி நிற்பாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று முதலில் வீட்டுக்கு ஓடி வராதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரம்மா பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, உனக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்.

அதுவரைக்கும் நான் இருக்கிறேன்.

உன் அம்மா
மாரியாயி கைநாட்டு