பெருச்சாளி வளைமேல் ஒட்டிய புல்

12 டிசம்பர் 1978, செவ்வாய்

வாசல் புல்தரையைப் பெருச்சாளி குடைந்து போட்டிருந்தது. "மேல மண்ணு போட்டா ஆவாது சார். வளைய தோண்டி, கல்லு போட்டு இடிச்சிட்டு, அப்பால புல்லு வையி" என்று பக்கத்து நிலத்து முனுசாமி போன வாரமே சொன்னார். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் நான் மண்ணைத் தூவிப் புல்லை ஒட்டிவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லாவிடம், "கல்லு போட்டு மூடியாச்சு, தைரியமா நட" என்றேன்.

அவளுக்கு ஏழாம் மாதம். இன்று மாலை வாசலில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது அதே இடத்தில் கால் உள்ளே இறங்கி, குப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்; கணுக்கால் முறிந்துவிட்டது. குழந்தையைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

"எப்படிம்மா விழுந்த?" என்று நர்ஸ் கேட்டார்.

"நான்தான் பார்க்காம நடந்துட்டேன். அவரு நல்லாத்தான் மூடியிருந்தாரு" என்றாள் ஸ்டெல்லா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.