நீ உன் பக்கம் இழுத்துக்கொண்ட கிளாஸ்

நேற்று மாலை நான்கு மணி இருக்கும். மவுண்ட் ஆஸ்டின் பக்கம் பல் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கடை வரிசையில் நடந்து வந்தேன். ஒரு பாரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை வாசனைத் தரைச் சோப்பும் முந்தைய இரவின் புளித்த பியரும் கலந்த வாடை. மற்றவர்கள் மூக்கைச் சுளித்திருப்பார்கள். எனக்கு உன் நினைவு வந்தது. சிலருக்கு மல்லிகைப்பூ, எனக்கு இது, என்ன செய்ய? நான் நகராமல் நிற்பதைப் பார்த்த அந்தப் பெண், இன்னும் திறக்கவில்லை, ஐந்து மணிக்கு வாருங்கள் என்று மலாயில் சொன்னாள்.

நீ எப்போதும் அந்த ஐந்து மணிக்குத்தான் பார் பார்க்கப் போவாய். மாப்பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் தனியாக உள்ளே போய், ஆயர் கோசோங், அதாவது வெறும் தண்ணீர், ஒரு கிளாஸ் கேட்பாய். "பொம்பள ஒருத்தி தனியா வந்து பச்சத் தண்ணி கேக்கறா. மூஞ்சிய எப்படி வெச்சிக்கிட்டு கொடுக்கறாங்கன்னு பாரு. அது போதும்லா." பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பாய். எனக்கு விளக்குகள் மிகவும் பிடித்துப்போன ஓர் இடத்தை, வாசலில் நின்ற காவலாளி "கூட ஆம்பளைங்க வர்றாங்களா?" என்று கேட்டான் என்பதற்காகவே தள்ளிவிட்டாய். சுவரில் பெரிய டிவி இருந்தால் அந்த இடமும் வேண்டாம். "பந்தாட்டம் போடற எடத்துக்கு நம்ம ஆளுங்க வந்திருவாங்க. உங்க அண்ணன் கூட்டாளிங்க பாதிப் பேரு அங்கதான் இருப்பாங்க" என்பாய்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தது நான்தான். இந்த மடலில் ஒரு விஷயமாவது தெளிவாக இருக்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும். பள்ளியில் படிவம் ஆறில் ஒரே மேசையில் உட்கார்ந்த நாம் இருவரும் முப்பத்தேழு வயதிலும் மணமாகாமல் மீந்திருந்தோம். பள்ளி அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதுகிற கிராணி வேலை எனக்கு. சிங்கப்பூர் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை உனக்கு. ஒரு நாள் உன் காரில், "சாகறதுக்குள்ள ஒரு தடவயாவது பாருல உக்காந்து பியர் குடிக்கணும்டி" என்றேன். நீ சிரிக்கவில்லை. "சரி, எடம் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாய்.

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. உனக்கோ சிங்கப்பூர்க் கணக்குப்படி சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவாக வாய்த்தது சனி ஒன்றுதான், ஞாயிறு காலை நான் வேலைக்குப் போக வேண்டும். அதனால் நம் பார் எல்லாம் மாலை ஐந்துக்குத் தொடங்கி, ஊர்க்காரர்கள் தலைவாரிக் கிளம்புகிற எட்டு மணிக்கு முடிந்துவிடும். ஆப்பிள் சைடர் என்கிற லேசான மது ஒரு கிளாஸ் வாங்கி இரண்டு மணி நேரம் நக்கிக்கொண்டிருப்பாய். பியரைக் குடித்தவள் நான். ஒரே ஒரு கிளாஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன். அண்ணன் வீட்டில் என் குரல் எப்போதும் ஒரு படி குறைவாகவே இருக்கும். யாரும் குறைக்கச் சொன்னதில்லை, நானாகக் குறைத்துக்கொண்டது. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீடுதான் என் வீடு, அங்கே என் அறையும் கட்டிலும் எனக்குப் பெரிய விஷயம்.

ஒரே ஒரு முறை இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை ஏழு மணிக்குத் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்களாம், போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "நம்ம பாட்டு போட்டா நம்ம ஆளும் வருவாங்கல்ல" என்றாய். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். நீ விட்டுக்கொடுத்தாய்.

ஏழேகாலுக்கு அண்ணன் உள்ளே வந்தார், கம்பெனி ஆட்கள் நான்கு பேரோடு. நம்மைப் பார்க்காமல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பியர் வந்து, முதல் வாய் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். கிளாஸும் கையுமாகவே எழுந்து வந்தார்.

"இங்க என்னா பண்றே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் மறைத்தேன். "இவதான் அண்ணே கூட்டிட்டு வந்தா. சாப்பாட்டுக் கடைன்னு நெனச்சேன். எனக்கு இது பாருன்னே தெரியாது." வாசலில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு விளக்கில் பெயர் எரிந்துகொண்டிருந்தது.

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பிறகு கையை நீட்டி, என் முன்னால் இருந்த பியர் கிளாஸை மெதுவாக உன் பக்கம் இழுத்துச் சைடருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். "ஆமாண்ணே. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். மன்னிச்சிருங்க."

அன்றைக்கு உன் காரில் நான் அழுதேன். நீ சிக்னலைப் பார்த்துக்கொண்டே, "அழாதடி. நீ அந்த வீட்டுல போய்ப் படுக்கணும். எனக்கு யாரு இருக்கா, பண்டார் தெங்காராவுல அப்பா. அவருக்குக் காதே கேக்காது" என்றாய். நானும் அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன்.

அண்ணன் வீட்டில் சொன்ன கதையில் உனக்கு முன்னால் இரண்டு கிளாஸ் இருந்தன. கண்ணால் கண்டது ஆயிற்றே, யார் மறுப்பது? அந்தத் தீபாவளிக்கு உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றார். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு முறுக்குத் தின்ன வந்தவள் நீ. "அண்ணிக்கும் வாழ்த்து சொல்லு" என்று போனில் எழுதி அனுப்பினாய். நான் சொல்லவில்லை. அதன் பிறகும் நாம் சனிக்கிழமைகளில் போனோம், நீ மறுபடியும் தண்ணீர் கேட்டு இடம் பார்த்தாய். நான் ஒவ்வொரு முறையும், "வீட்டுல உண்மையச் சொல்லிடறேன்டி" என்பேன். "சொல்லு, சொல்லு. அவசரமில்ல" என்பாய். எனக்கும் அவசரமில்லாமல் போனது.

பிறகு ஜொகூரிலும் சனி ஞாயிறு என்று விடுமுறையை மாற்றினார்கள். இரண்டு முழு நாள் கிடைத்துவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி சந்தோஷப்பட்டோம். முதல் சனிக்கிழமையே நான் பழைய ஞாபகத்தில் எட்டு மணிக்குக் கைப்பையைத் தூக்க, நீ என் கையைப் பிடித்து உட்காரவைத்தாய். அப்படிப்பட்ட சனிக்கிழமைகள் ஏழெட்டுதான் வாய்த்தன. டெங்கிக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஈரலைத் தாக்கிவிட்டது என்றார்கள்.

உன் சாவுக்கு அண்ணனும் வந்தார். திரும்பும் வழியில், செம்பனைத் தோட்டத்தைத் தாண்டும்போது, "குடிக்காம இருந்திருந்தா ஈரலு தாங்கியிருக்கும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. என்னை நீ மன்னித்திருப்பாய், எனக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது மறுபடியும் உன் பேச்சு வந்தது. அண்ணன் மகள் அடுத்த மாதம் படிக்கக் கோலாலம்பூர் போகிறாள். அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவர், "கூட்டாளிய பாத்துப் புடிக்கணும். அத்தையோட கூட்டாளி ஒருத்தி இருந்தாளே, குடிச்சிக் குடிச்சே போயிட்டா" என்றார். உன்னை ஒரு பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளையும் தலையாட்டினாள். இனி அவளும் வேறு யாரிடமாவது அப்படியே சொல்வாள்.

"அண்ணே, அந்தப் பியர் என்னோடது."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் புரியாமல் பார்த்தார்.

"அன்னிக்கு ரெண்டு கிளாஸு இருந்திச்சே."

"ஒண்ணு என்னோடது. பாருக்குப் போலாம்னு கூப்பிட்டதும் நான்தான், அந்தக் கடைய எடுத்ததும் நான்தான். மூணு வருஷமா போனோம். நீங்க வந்ததும் பயத்துல அவ மேல போட்டேன். அவ வாங்கிக்கிட்டா. அவ செத்தது டெங்கியில."

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இன்றைக்குக் காலையில் பசியாறும்போதும் என்னோடு பேசவில்லை. பேசுவாரா, வேறு அறை பார்த்துக்கொள் என்பாரா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் மகள் வெளியே கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "அவங்க ஈரலுக்கு ஒண்ணுமே இல்லையா அத்தை, முன்னாடி?" என்று கேட்டாள். ஒன்றுமே இல்லை என்றேன். வீட்டில் ஒருத்திக்காவது உன்னைச் சரியாகத் தெரிந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அண்ணன் பாருக்குப் போய்விட்டு வந்த சட்டையைத் துவைத்தவர். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்து, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குழாயை மூடிவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"உள்ள எப்படிம்மா இருக்கும்?"

சொன்னேன். இருட்டாக, குளிராக இருக்கும், நாற்காலி உயரமாக இருக்கும், யாரும் கவனிக்காத இடமாகக் கிடைத்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று. அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு தடவ என்னைய கூட்டிக்கிட்டுப் போறியா? சேலையில வந்தா சிரிப்பாங்களா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நாம் ஒருநாளும் சேலையில் போனதில்லை. "கேட்டுச் சொல்றேன் அண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான் யாரைக் கேட்பது என்று தோன்றியது.