வெள்ளையாய்க் கிடந்த செல்கள்

செவ்வாய், இரவு.

குடிபாலா ஊரிலிருந்து வந்த குழந்தையின் ரத்தத்திலிருந்து லேபில் வளர்த்த செல்கள் இன்று சிவந்திருக்க வேண்டும். வெள்ளையாகவே கிடந்தன. சிவப்பணுவை முதிரவைக்கும் ஜீன்களை ஒரு புரதம் இயக்குகிறது. அதன் அளவு குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும். அதனால் அதைக் கூட்டும் மருந்தை நாளுக்கு ஒருமுறைதான் விடுவோம். விட்டவர் நோட்டில் டிக் போட வேண்டும்.

கூட வேலை செய்யும் செல்வி கேட்டாள்: "சனிக்கிழமை நீ மருந்து வுடலதானேக்கா? டிக் இல்ல. அதான் அலிபிரியில திருமலைப் படியேறப் போறதுக்கு முன்னாடி வந்து நான் வுட்டன்."

லேபை நடத்தும் சார் பக்கத்தில் நின்றிருந்தார். "வுடல" என்றேன்.

விட்டிருந்தேன். டிக் போடத்தான் மறந்தேன்.

"அப்படின்னா கோளாறு குழந்தையோட செல்லுலதான்" என்றார் சார். அதைச் சொல்ல நாளை பத்து மணிக்குக் குழந்தையின் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார்.