அற்புதமேரி சுமந்த பழி

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்,
14-9-1987

அன்பு மருமகள் அற்புதமேரிக்கு, மாமியார் பிலோமினம்மாள் எழுதுவது.

ஈப்போவில் உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே உன் புருஷன் லாசரஸ் ஜூரோங் கப்பல் பட்டறைக்குப் போய் வருகிறான். சாப்பாடுதான் சரியில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து என் தங்கை அன்னம்மா வந்திருந்தாள். சாப்பிடும்போது, "அந்த மலடி அவ அம்மா வீட்டுலயே இருக்கட்டும்லா, அக்கா" என்றாள். நான் அவளுக்குப் பழக்கிக் கொடுத்த சொல்தான் அது. லாசரஸ் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"சித்தி, குறை அவகிட்ட இல்ல, என்கிட்ட. எனக்கு உயிரணு ரொம்பக் கம்மின்னு டாக்டர் நாலு வருஷம் முன்னாலயே சொல்லிட்டாரு. 'வெளியே சொல்லாதீங்க, கெட்ட பேரு எனக்குப் பழகிடுச்சு'ன்னு அவதான் தடுத்தா. நானும் கோழையா இருந்துட்டேன்."

அன்னம்மா கை கழுவிவிட்டுப் புறப்பட்டுப் போனாள்.

பிறகு எல்லாம் சொன்னான். உன் கருமுட்டையை எடுத்து, கண்ணாடித் தட்டில் அவன் அணுவோடு சேர்த்து, திரும்ப உன் வயிற்றில் வைத்தார்களாம். இரண்டு முறையும் தங்கவில்லையாம். குறை என் மகனுக்கு, ஊசி உனக்கு. ஊசி போட்ட இடம் கட்டியாகி நீ காலை இழுத்து நடந்தபோது, வேலைக்குச் சோம்பல் என்று தேக்கா மார்க்கெட்டில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். அன்னம்மா பேரனின் ஞானஸ்நானத்தன்று குழந்தையை உன் மடியிலிருந்து பிடுங்கினேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைபட்டிருக்கும். சொல்லவில்லையே, தாயே.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். இந்த வைத்தியத்தைத் திருச்சபை ஏற்பதில்லை என்றார். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் என் நாக்கைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். அந்த மன்னிப்பை அவளிடமே கேளுங்கள் என்றார்.

கேட்கிறேன்.

மூன்றாம் முறை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். பார்ப்பதும் விடுவதும் உங்கள் இருவர் முடிவு. மார்க்கெட்டில் யாரிடமெல்லாம் உன்னைப் பழித்தேனோ அவர்களிடமெல்லாம், அது பொய் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை தஞ்சோங் பகாரில் ரயிலேறி லாசரஸ் அங்கே வருகிறான். அவனோடு புறப்பட்டு வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. வராவிட்டால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. அதில் 'அத்தை' என்று என்னைக் கூப்பிட்டிருந்தால் போதும்.

மாதா உன்னை நோகாமல் வைத்திருக்கட்டும்.

பிலோமினம்மாள்