ராணி கரையேறினாளா?

ஜூன் 3
காலையில் கடைக்குக் குழாய் லோடு வந்தது. பாதிக்கு மேல் வாய் நசுங்கல். அதே லாரியில் திருப்பி ஏற்றினேன்.

சாயங்காலம் வீட்டில் மனைவிக்கு நாவல் படித்தேன். மருந்தினால் பார்வை மங்கியதிலிருந்து நான்தான் படித்துக் காட்டுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பழங்கதைதான்: ஏரிக்கரை உடைகிறது, ராணி உடைப்புக்குள் இறங்கி ஊரைக் காப்பாற்றி மூழ்கிப் போகிறாள். ஆனால் இந்த நாவலில் அவளுக்குத் தண்ணீரோடு பேசத் தெரியும்! செத்துப்போன வீரர்கள் காவல் காக்கும் கோட்டை வேறு. பொய்தான், ஆனால் கலப்படமில்லாத பொய். கடைக்குப் போனாலும் அதே நினைப்பு. கடைசிப் பாகம் இன்னும் வரவில்லை.

“முடிவு தெரிஞ்ச கதைதானே, எதுக்கு இப்படித் தவிக்கிற?” என்றேன்.

“இந்த எழுத்தாளர் மாத்தி எழுதுறவருங்க. இந்தத் தடவை அவ கரையேறிடுவா, பாருங்க.”

ஜூன் 9
டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குப் பிடிச்சதைச் செய்ங்க.” சரக்கு தீர்ந்த கடைக்காரன் பேச்சு. எனக்கா புரியாது?

ஜூன் 10
யாரிடம் போய்ப் பேரம் பேசுவது?

ஜூன் 21
கடைசிப் பாகம் வந்துவிட்டது. புத்தகக்கடைக்காரரை நச்சரித்து, கட்டைப் பிரித்ததுமே ஒன்று வாங்கினேன். சரக்கைப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லையே — அங்கேயே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.

“அண்ணே, இது பைப் இல்ல, கடைசியிலேர்ந்து பார்க்கிறதுக்கு” என்று சிரித்தார்.

ராணி சாகிறாள்.

யோவ், அப்புறம் என்ன எழவுக்கு மாத்தி எழுதுறேன்னு கெளம்புன? தண்ணியோட பேசத் தெரியும்ல அவளுக்கு? பேசி வெளிய வரவெக்க முடியாதா ஒன்னால?

ஜூன் 26
கடைசி அத்தியாயம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முடிவை மாற்றி நானே அளந்துவிட்டேன். தண்ணீர் வழிவிட்டது, படகோட்டி கை கொடுத்தான், ராணி சேலையைப் பிழிந்துகொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

இவள் கண்ணை மூடிக் கேட்டாள். “நல்லா இருந்துச்சு. பக்கத்தையே திருப்பாம எவ்வளவு நேரம் படிக்கிறீங்க!”

அவசரமாக ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.

“இன்னொரு தரம் படிங்க.”

படித்தேன். கை கொடுத்தது யாரென்று மறந்து தளபதி என்றேன்.

“படகோட்டிங்க” என்று திருத்தினாள்.

ஜூலை 14
இவளுக்காக எடுத்திருந்த வாடகைக் கட்டிலை வந்து எடுத்துப் போனார்கள். அந்த இடம் மட்டும் தரை வெளுத்துக் கிடக்கிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் மகள் அலமாரியை ஒழித்தபோது நாவலை எடுத்தாள். “ராணி என்னப்பா ஆனா?”

“செத்துட்டா.”

“அம்மா போன்ல பொழச்சிட்டான்னாங்களே! படகோட்டி கை கொடுத்தான்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னாங்க.”

கடைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டினேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.